பழைய வெள்ளிக்காசைத் துலக்காதீர்கள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்குக் காசு தேடி வரும் புதியவர்கள் செய்யும் தவறுகள் மாறுவதே இல்லை. நாங்களும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான். போலிக்காசு, விலை ஏமாற்று பற்றியெல்லாம் எல்லாரும் எச்சரிக்கிறார்கள். லஸ்டர், அதாவது காசைச் சாய்த்தால் அதன் மேல் சுழலும் ஒளிப்பட்டை, அந்த விஷயத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

துலக்குவது

தீபாவளி நேரம். ஒரு தம்பி பாட்டியின் காசைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வர்த்தக டாலர், 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. காசில் நிற்கும் பிரிட்டானியா உருவத்தின் சூலத்தில், நடு முனையில் பம்பாய் அக்கசாலையின் ‘பி’ எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. பெட்டிக்குள்ளேயே கிடந்த காசு, தேய்மானமே இல்லை. ஆனால் பளபளவென்று இருந்தது. வீட்டில் வெள்ளி விளக்கோடு சேர்த்து விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார்களாம். “கறுப்பா இருந்துச்சுண்ணே, இப்ப நல்லா மினுங்குதுல்ல?” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நினைத்தால் இன்றும் எரிகிறது.

காசு அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. ஆயிரக்கணக்கில் அடிக்க அடிக்க, அந்த ஓட்டம் அச்சிலேயே நுண்ணிய ஆரக்கோடுகளை அரித்துவிடும். அந்தக் கோடுகள் அடுத்தடுத்த காசுகளிலும் பதியும். ஒவ்வொரு கோட்டின் சரிவும் விளக்கொளியை ஒவ்வொரு பக்கம் திருப்புகிறது. நம் கண்ணுக்கு நேராகத் திருப்பும் கோடுகள் மட்டும் பட்டையாகத் தெரியும். காசைச் சாய்த்தால் வேறு கோடுகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பட்டை சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வரும். லஸ்டர் இதுதான்.

அந்தக் கோடுகளின் மேடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சன்னம். விபூதி, பற்பசை, சோடா மாவு எதுவானாலும் அவற்றை மழித்துவிட்டுத் தன் கீறல்களைப் போட்டுவிடும். காசு மினுங்கும், ஆனால் பட்டை சுழலாது. தம்பி அழுக்கு என்று நினைத்த கறுப்பு, வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய சல்பைடு. அதன் அடியில் கோடுகள் பத்திரமாக இருந்திருக்கும். இப்போது பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பினாலும், எண் தரம் கிடைக்காது. ‘துலக்கியது’ என்ற குறிப்புதான் வரும். வாங்குகிறவர் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் விலை சொல்வார். விபூதி நெற்றிக்கு, சாமி விளக்குக்கு. காசுக்கு வேண்டாம்.

டிப் திரவம்

வெள்ளியின் கறுப்பை நீக்க விற்கும் ரசாயனத் திரவம் இது. தேய்ப்பதில்லையே, முக்கித்தானே எடுக்கிறோம் என்பார்கள். அது சல்பைடோடு கொஞ்சம் வெள்ளியையும் கரைக்கும். இரண்டு மூன்று முறை முக்கினால் கோடுகள் மழுங்கி, காசு வெளிறிப்போகும்.

குழல்விளக்கின் கீழ் வாங்குவது

நீளமான குழல்விளக்கும் எல்இடி பலகையும் எல்லாப் பக்கமிருந்தும் ஒளி கொட்டும். உயிருள்ள காசும் துலக்கிய காசும் அங்கே ஒன்றுபோலத் தெரியலாம். ஒற்றைப் பல்பு மேசை விளக்கு போதும். விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பட்டை உடையாமல் சுற்றுகிறதா? எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கி, எழுத்தில்லாத வெற்றுப் பரப்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் யாரோ துணி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கடைக்காரர் விளக்கை நகர்த்த முகம் சுளித்தால் நான் அங்கே பணத்தை எடுக்க மாட்டேன்.

புரூஃப் காசோடு ஒப்பிடுவது

புரூஃப் என்பது சேகரிப்பவர்களுக்கென்று தனியாக அடிக்கும் காசு, அது வேறு ஜாதி. அச்சையும், காசாக அடிக்கும் வெற்று வில்லையையும் முன்பே மெருகேற்றி அடிப்பதால் கண்ணாடி போலிருக்கும். அதில் சுழலும் பட்டையைத் தேடாதீர்கள்.

செம்புக் காசுக்குப் புளி

கூடவே கூடாது.

பிவிசி உறை

மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் காசை வைத்தால், இந்த ஊர் வெக்கையில் பச்சைப் பிசுக்கு கட்டும், விட்டுவைத்தால் காசை அரிக்கும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம் பிவிசி கலக்காத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிடுங்கள்.