வறண்ட காட்டில் மாஸ் தேடுவோர் செய்யும் தவறுகள்

நம் வழக்கில் குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, மரப்பட்டையில் பச்சை மெத்தையாகப் படர்வதும் பாசி, குழம்பில் போடும் கல்பாசியும் பாசி. முதலாவது பெரும்பாலும் ஆல்கா எனும் எளிய நீர்வாழ் உயிர்; கடைசியாகச் சொன்னது லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் இணைந்து வாழும் உயிர். இடையில் உள்ளதே மாஸ். இந்தப் பெயர்க் குழப்பத்தோடு காட்டுக்குள் சென்றால் குறிப்பேட்டின் முதல் வரியே பிழையாகிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, ஆண்டு மழையளவை மட்டும் வைத்து முடிவு கட்டுவது. முதுமலையின் மேற்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. பெய்யும் மழை, கிழக்கே செல்லச் செல்ல அதில் பாதிக்கும் கீழே குறைகிறது; ஆனால் அந்தக் கிழக்கிலும் பாறை நிழல்களில் மாஸ் செழிப்பதுண்டு. மாஸுக்கு வேர் கிடையாது என்பதால், தேக்கைப் போல ஆழத்து ஈரத்தை உறிஞ்ச அதனால் இயலாது. தன் மேல் வந்து தங்கும் நீரைக் கொண்டே அது வாழ்கிறது. ஆகவே எவ்வளவு பெய்தது என்பதைக் காட்டிலும், பெய்த ஈரம் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கோடையில் பழுப்பாகச் சுருண்டு கிடப்பதைப் பட்டுப்போனது என்று எழுதிவிடாதீர்கள். அதன் மேல் ஒரு சொட்டு நீரை விட்டு உருப்பெருக்கியில் பாருங்கள்: முறுக்கிக்கொண்டிருந்த இலைகள் கண்ணெதிரே விரிந்து பச்சை காட்டும். ஆயினும் இரக்கப்பட்டு நாள்தோறும் நீர் தெளிப்பது கேடு. நனைந்தவுடன் மாஸ் தன் செல்களைச் சீர்செய்யச் சேமிப்பைச் செலவிடுகிறது. ஒளிச்சேர்க்கையில் அதை ஈட்டுவதற்குள் மீண்டும் காய்ந்தால் நட்டமே மிஞ்சும். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் கோடைச் சிறுமழைகளை அடிக்கடி பெய்வித்துப் பார்த்த ஆய்வில், அங்குள்ள பாலைவன மாஸ் பெருமளவில் மடிந்தது. அம்முடிவு 2012இல் வெளியானது.

மரத்தின் வடபுறத்தில்தான் மாஸ் வளரும் என்பது, நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் வடபுறம் நிழலாகவே இருக்கும் வடகோளக் குளிர்நாடுகளின் விதி. முதுமலையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, அதாவது தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியில், நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. எனவே திசையை விட்டு, சாய்ந்த மரத்தின் மழைபடும் மேற்பக்கத்தையும், பட்டையின் வெடிப்புகளையும் பாருங்கள்.

தரையில் காணாததால் காட்டிலேயே இல்லை என்பதும் சரியன்று. உதிர்ந்த தேக்கிலை மூடிய தரையில் ஒளி படாது. கோடைத் தீயும் அங்கேதான் ஓடும். பாறை இடுக்கிலும், மழைநீர் வழிந்திறங்கும் அடிமரத்திலும் குனிந்து தேடினால் கிடைக்கும்.