ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில், அலையாத்திக் காட்டை ஒட்டிய கழியோரம் (கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை) நடக்கப் போகிறீர்களா?

முதல் தடவை நான் போனது காலை பதினொரு மணிக்கு. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கழியில் தண்ணீர் நிரம்பி நிற்கிறது, பார்த்ததெல்லாம் இலையும் இரண்டு கொக்கும்தான். இடத்தில் தப்பில்லை, போன நேரம்தான் தப்பு.

தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தால்தான் நண்டுகளைப் பார்க்கலாம். அதனால் முதல் வேலை, தண்ணீர் எப்போது வற்றும் என்று தெரிந்துகொள்வது. நிறைந்த தண்ணீர் வற்ற ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும், அந்த நேரமும் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். பாக் நீரிணைப் பக்கம் ஏற்ற இறக்கமே கம்மி, காற்று வேறு அதைக் கலைத்துவிடும் என்பதால் கைபேசி காட்டுகிற நேரத்தை மட்டும் நம்பாமல், கரையில் வலை பிரிக்கிறவர் யாரிடமாவது "அண்ணே, தண்ணி எப்ப வத்தும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விடிந்ததும் வற்றுகிற நாளாக அமைந்தால் யோகம்தான்.

மாதம் என்று கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வலசை வந்த உள்ளான் பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து காரங்காட்டுக்குத் திரும்ப வேண்டும். வண்டியைக் கண்ட இடத்தில் ஓரங்கட்டாதீர்கள், சீமைக்கருவேல முள் டயரையும் விடாது, செருப்பையும் விடாது. அடி தடித்த, பின்பக்கம் வார் உள்ள செருப்பு, தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், இருந்தால் பைனாகுலர். பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

சரி, கரைக்கு வந்தாயிற்று. இனி நடப்பதைவிட நிற்பதுதான் வேலை. வந்தவர்கள் எல்லோரும் வானத்தையே பார்க்கிறார்கள், நீங்கள் சேற்றைப் பாருங்கள். நாம் போய் நின்ற உடனே நண்டுகள் வளைக்குள் ஓடிவிடும். அசையாமல் மூன்று நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும், இன்னொரு சின்னக் கையால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, தின்றது போக மிச்சத்தைக் குட்டி உருண்டையாக வெளியே போடும். பக்கத்திலேயே சேற்றில் துள்ளுகிற மீனும் இருக்கும், உச்சந்தலையில் முழிக்கிற கண்ணை வைத்து அடையாளம் பிடிக்கலாம்.

அப்புறம் அலையாத்தி மரம். இலையின் அடிப்பக்கத்தை நாக்கால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகத் தள்ளுகிறது. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல நிற்பவை மூச்சுவேர்கள், அவற்றின் மேல் கால் வைக்காதீர்கள், பட்டென்று ஒடிந்துவிடும்.

காட்டுக்குள்ளே போக ஆசையென்றால் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற படகு இருக்கிறது. ஆனால் நண்டு பார்க்கக் கரைதான் சரி.

கிளம்பும்போது செருப்பை அங்கேயே கழுவிவிடுங்கள். இந்தச் சேறு காய்ந்தால் சிமெண்ட்.