வீட்டுக்கும் மேடைக்கும் ஒரே கிட்டார் ஆம்ப்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

புதுச்சேரியில் எலக்ட்ரிக் கிட்டார் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவை இரண்டு. முத்தியால்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடாமல் ராத்திரி பயிற்சி செய்யணும். ஜூன் 21 அன்று ஃபெத் த லா மியூசிக் என்ற இசைத் திருவிழா வந்தால் ட்ரம்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்கணும். இதற்காக இரண்டு ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்க வேண்டாம். வீட்டில் மெதுவாக வைத்தாலும் நன்றாக ஒலிக்கிற ஒன்றை வாங்குங்கள். மேடைச் சத்தத்தை மேடை ஸ்பீக்கர்கள் தரட்டும்.

படி 1: வாட்ஸ் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

10 வாட்ஸை 20 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது 100 வாட்ஸ் ஆம்ப், 10 வாட்ஸைவிடச் சுமார் இரண்டு மடங்குதான் சத்தம். ஸ்பீக்கரும் முக்கியம்: ஒரே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை அதன் டெசிபல் எண் சொல்லும். 97 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால், வாட்ஸை இரட்டிப்பாக்கிய பலன் அதிலேயே கிடைத்துவிடும். அறைக்குள் வாசிக்க ஒரு வாட்டுக்கும் குறைவே போதும்.

படி 2: வால்வா, டிஜிட்டலா?

வால்வு ஆம்ப்பின் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) அழகு, அதன் பவர் வால்வுகள் திணறும்போதுதான் முழுதாக வெளியே வரும். 15 வாட்ஸ் வால்வு ஆம்ப் அந்த நிலையில் ட்ரம்ஸோடு மல்லுக்கு நிற்கும். வீட்டில் அப்படி வைக்கவே முடியாது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் போட்டுக் குறைக்கலாம், ஆனால் அது தனிச் செலவு. முதல் ஆம்ப்புக்கு என் சிபாரிசு டிஜிட்டல் மாடலிங் வகைதான் (பல ஆம்ப்களின் ஒலியைச் சிப் மூலம் போலச் செய்வது). உதாரணமாக பாஸ் கட்டானா 50-ல் அரை வாட், 25, 50 என்று பவரை மாற்றும் வசதி உண்டு.

படி 3: பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்

ஹெட்போன் துளை கட்டாயம் இருக்கணும். அதைவிட முக்கியம் லைன் அவுட், அதாவது சிக்னலை மேடை மிக்ஸருக்கு அனுப்பும் துளை. அதில் ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஸ்பீக்கர் வழியே வந்த ஒலி போல மாற்றும் வசதி) உண்டா என்று கேளுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் தன் இயல்பிலேயே உச்ச ஸ்தாயியை வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாமல் சிக்னல் நேராக மிக்ஸருக்குப் போனால் டிஸ்டார்ஷன் (ராக் பாணிக் கரகரப்பு ஒலி) கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும்.

படி 4: கடையில் மெதுவாக வாசித்துச் சோதியுங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சத்தமாக வைத்துக் காட்டுவார். சத்தமாக வைத்தால் ஏறக்குறைய எல்லா ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். மாஸ்டர் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நகக்கண் அளவு மட்டும் திருப்புங்கள். சில ஆம்ப்களில் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள்ளேயே சத்தம் குபீரென்று எகிறும். அது வீட்டுக்கு ஆகாது. சத்தம் சீராக ஏறினால், கூட வந்தவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும் அளவுக்கு வைத்து, ஆறாவது கம்பியை விரலால் அழுத்தாமல் மீட்டிவிட்டுக் கையை எடுங்கள். நாதம் கடைசிவரை தேய்ந்து அடங்குகிறதா, பாதியில் அறுந்துபோகிறதா? இரைச்சல் நாதத்தை முந்துகிறதா? பிறகு கெயினை (கரகரப்பைக் கூட்டும் குமிழ்) ஏற்றி மாஸ்டரைக் குறைத்து இதையே செய்யுங்கள். தேறாத ஆம்ப்பை, பெயர் எவ்வளவு பெரியதானாலும், விட்டுவிடுங்கள்.

படி 5: மேடையில்

ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றி, உங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். கீழே இருந்தால் உங்கள் காதுக்குக் கேட்காது. நீங்கள் வால்யூமை ஏற்ற, முன்வரிசைக்காரர்கள் அவதிப்படுவார்கள். லைன் அவுட்டை, அல்லது ஸ்பீக்கர் முன் வைத்த மைக்கை, சவுண்ட்காரரின் மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு செட்டிங்கை அப்படியே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய சத்தத்தில் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். அதனால் வீட்டில் அவற்றைக் கூட்டித்தான் வைத்திருப்பீர்கள். மேடையில் பேஸைக் குறைத்து மிடிலைக் கூட்டினால் கிட்டார் தெளிவாக எழுந்து நிற்கும்.

நம்ம ஊரில் பழையது வாங்கும்போது

ஊர் திரும்பும் வெளிநாட்டவரிடம் நல்ல ஆம்ப் கிடைக்கலாம். பிரான்சிலிருந்து வந்ததென்றால் 230 வோல்ட், பிளக் மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டாக இருக்கலாம். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் இங்கே செருகினால் புகைந்துவிடும். எர்த் முனையை ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து. கடல் காற்றில் ஜாக்குகள் சீக்கிரம் களிம்பேறும். கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். கரகரத்தால், கான்டாக்ட் கிளீனர் அடித்து மறுபடி கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.