பாரிஸில் எந்த ஸ்டேஷன்?

லண்டனிலிருந்து சூரிச்சுக்கு ஒரே டிக்கெட்டாகத் தேடினேன். நான் பார்த்த தளத்தில் கிடைக்கவில்லை. சரி, பாரிஸில் பிரித்து இரண்டாக எடுத்துவிடலாம் என்று பாரிஸ் வரை யூரோஸ்டார் ரயில் ஒன்றும், அங்கிருந்து சூரிச்சுக்கு டிஜிவி லிரியா ரயில் ஒன்றும் தேர்ந்தெடுத்தேன். நடுவில் 50 நிமிடம். அது தாராளம் என்றுதான் நினைத்தேன்.

பணம் கட்டப் போகும்போதுதான் ஊர்ப் பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. இறங்குவது கார் து நோர், ஏறுவது கார் த லியோன். இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன்! நகருக்குள் ஓடும் ஆர்இஆர் டி ரயிலில் போனால் நடுவே ஷாட்லே ஸ்டேஷனில் மட்டும்தான் நிற்கும். ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, டிக்கெட் மெஷினில் வரிசையில் நின்று, மறுபடி மேலே ஏற வேண்டுமே. தனித்தனி டிக்கெட் என்பதால், முதல் ரயில் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான் என்ற பயம் வேறு.

அடுத்த ரயிலுக்கு மாற்றி, இரண்டரை மணி நேரம் இடைவெளி விட்டேன். பாஸ்போர்ட் சோதனை லண்டன் செயின்ட் பான்கிராஸ் ஸ்டேஷனிலேயே முடிந்துவிட்டதால் பாரிஸில் இறங்கி நேராக நடையைக் கட்டினேன். அந்த டிக்கெட் மெஷினில் மட்டும் இருபது நிமிடம் போயிற்று. அப்புறமும் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தது.