பேட்மிண்டன் கோர்ட்டிலேயே பிக்கிள்பால்

டென்னிஸ் ஆடுகிறவர்கள் பிக்கிள்பாலை (சிறு மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம்) ஆடிப் பார்க்கத் தனி கோர்ட் தேட வேண்டாம். காரைக்குடிப் பக்கம் சிமெண்ட் தரையில் பேட்மிண்டன் கோடு போட்ட இடம் இருந்தால் போதும். இரண்டுக்கும் வெளி அளவு ஒன்றுதான், 44 அடிக்கு 20 அடி. வலையை ஓரத்தில் 36, நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்குங்கள். பேட்மிண்டனின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடி. பிக்கிள்பாலுக்கு 7 அடி வேண்டும். அரை அடி தள்ளி சாக்பீஸால் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கும் வலைக்கும் நடுவில் நின்று வாலி, அதாவது பந்து தரையில் படும் முன்பே, அடிக்கக் கூடாது (டென்னிஸ் பழகிய கை அடித்துவிடும்!). செம்மண் தரையில் இது சரிப்படாது, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒழுங்காக எழும்பாது. ஆடிக் காற்றிலும் வேண்டாம். அப்புறம், ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டு வளவில் (முற்றத்தில்) ஆட நினைக்காதீர்கள், வழுக்கும்.