துண்டு ஒட்டிய பேனாவுக்கு வண்ண ஸ்பேசர்: எதை எடுப்பது, எதை ஒதுக்குவது

மரத்துண்டுகளுக்கு நடுவே வண்ணக் கோடாக ஒரு மெல்லிய தகட்டை (ஸ்பேசர்) ஒட்டி லேத்தில் கடையும் பேனாவில் எல்லாரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதுதான். மெல்லிய பேனாவில் 7 மி.மீ. துளையிட்டு, பித்தளைக் குழாயை ஒட்டிக் கடைந்த பிறகு ஸ்பேசர் ஒரு மெல்லிய வளையமாகத்தான் மிஞ்சும். அது ட்ரில் சூட்டைத் தாங்குமா, பசையைப் பிடிக்குமா, அதன் தூள் பக்கத்து மரத்தைக் கறையாக்குமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தபின் நிறத்துக்கு வரலாம்.

புதிதாகத் தொடங்குவோருக்குச் சாயமேற்றிய வெனீர் (மெல்லிய மரத்தகடு) போதும். சுமார் அரை மி.மீ. தடிமன், மரத்தோடு மரமாக ஒட்டும், உளிக்கு எளிது. வாங்கியதும் ஒரு மூலையை வெட்டி விளிம்பைப் பாருங்கள். நடுவரை நிறம் இறங்கியிருக்க வேண்டும். மேலே மட்டும் சாயம் என்றால் கடைந்தபின் வெளிறிய கோடுதான் கிடைக்கும். அடுத்து, அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் நிறம் வந்தால், வெளிர் மரத்தின் பக்கத்தில் அதை வைக்காதீர்கள்.

காலாவதியான பிளாஸ்டிக் வங்கி அட்டை 0.76 மி.மீ. தடிமனில் சீராக இருக்கும், செலவும் இல்லை. ஆனால் மேலே இருக்கும் அச்சுப் படலம் உரிந்துவரும். இரு பக்கமும் 120 நம்பர் உப்புத்தாளால் படலம் போகும்வரை தேய்த்தால்தான் பசை பிடிக்கும். தொட்டால் வழுவழுவென்று மெழுகு போலிருக்கும் பாலித்தீன், பாலிப்ரோப்பிலீன் வகைகளைத் தொடவே வேண்டாம். சாதாரணப் பசை எதுவும் அவற்றில் நிற்காது. வண்ணக் காகிதம் பசை ஒட்டிய இடத்தில் பிரியாது, தன் நடுவிலேயே பிளந்துகொள்ளும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் போல் ஓடும் சூப்பர் க்ளூவில் ஊறவைத்து இறுக விடுங்கள். நிறம் கொஞ்சம் கருக்கும்.

ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் உள்ளிருக்கும் பித்தளை தெரியும். துளையின் உட்சுவருக்கோ குழாய்க்கோ அதே நிறப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பித்தளையும் அலுமினியமும் அழகுதான், தொல்லையும் அவற்றில்தான் அதிகம். துளையிடும்போது உலோகம் சூடேறி, பசை இளகி, துண்டு சுழன்று கழன்றுவிடும். தகட்டை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்து பூசும் பசை) ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். கிளாம்ப்பை அழுத்தி முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, மூட்டு வறண்டுவிடும். இடைவெளி மூடும் அளவு போதும். ட்ரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, 5 மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துச் சுருளைத் தட்டுங்கள். பிட் கைக்குச் சுட்டால் ஆறவிட்டுத் தொடருங்கள். கட்டையைத் தேவையைவிட 10 மி.மீ. கூடுதல் நீளமாகவே வைத்து, பிட் மறுபக்கம் வெளிவருமுன் நிறுத்தி, மிச்சத்தை அறுத்தெடுத்தால் முனை பிய்யாது.

சாய்வாக அறுத்து வளையங்கள் பின்னிய மாதிரி செய்யும்போது தடிமன்தான் எல்லாம். ரம்பம் தின்ற அளவையே ஸ்பேசர் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த வெட்டில் கோடுகள் ஒன்றையொன்று சந்திக்காது. ரம்பத்தின் வெட்டு 2.4 மி.மீ. என்றால் 0.6 மி.மீ. வெனீர் நான்கு. ரம்பத்தின் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், ஒரு வீண் கட்டையை அறுத்து அந்தப் பள்ளத்தை வெர்னியரால் அளங்கள். பசையும் சிறிது தடிமன் சேர்க்கும்.

மேப்பிள் போன்ற வெளிர் மரத்தோடு உலோகமோ கருங்காலியோ படூக் என்ற சிவப்பு மரமோ சேரும்போது, தேய்த்த தூள் மரத்தின் நுண்துளையில் புகுந்து அழுக்காகிவிடும். உளியாலேயே முடிந்தவரை வழுவழுப்பாக்கி, உப்புத்தாள் படுமுன் தண்ணீர் போல் ஓடும் சூப்பர் க்ளூ ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். பிறகு லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்து, ஒவ்வொரு நம்பருக்குப் பிறகும் காற்றடித்துத் தூளை விரட்டுங்கள். ஸ்பேசராக ஜி10 என்ற எபாக்சித் தகட்டை வைத்தால், அதில் கண்ணாடி இழை இருக்கிறது. முகமூடி இல்லாமல் அதைத் தேய்க்கவே கூடாது.