ஃபிரிட்ஜ் இல்லாத பயணம்: மதியச் சாப்பாட்டை ஊசிப்போகாமல் கட்டும் முறை

சமைத்த சாப்பாட்டின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய நிமிஷத்திலிருந்தே அதற்கான நேரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 60-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கிற வரை கிருமிகள் பெருகிக்கொண்டே இருக்கும். 30, 40 டிகிரி என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். சில வகைகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகிவிடும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி 4 மணி நேரத்தில் 4,000 ஆகிறது, 6 மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது.

இதனால்தான் ஈரமுள்ள சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறார்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். எந்த நிலையிலும் 4 மணி நேரத்தைத் தாண்டியதைச் சாப்பிடக் கூடாது. காலை 6 மணிக்குச் சமையலை முடித்து மதியம் 1 மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் அது 7 மணி நேரம். சும்மா டப்பாவில் அடைத்து எடுத்துப்போகும் வழி இதற்குப் போதாது. ஆகவே என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அடுப்பை அணைக்கும் நேரத்தையும் சாப்பிடப்போகும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இடைவெளியைப் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் என்றால் எதையும் கட்டலாம். அதற்கு மேல் என்றால் சாப்பாடு கடைசி வரை 60 டிகிரிக்கு மேலான சூட்டில் இருக்க வேண்டும், அல்லது கடுங்குளிரில் இருக்க வேண்டும், அல்லது ஈரமே இல்லாததாக இருக்க வேண்டும். புளிப்பு என்று நாலாவது வழி ஒன்று உண்டு. அதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் அதைக் கடைசியில் சொல்கிறோம்.

சோறுதான் எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது

அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. சோற்றில் நாற்றமும் இருக்காது, நூல் விட்டிருக்காது, பார்க்க நன்றாகவே இருக்கும். "நல்லா சூடு பண்ணிட்டோமே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சாப்பிட்டு, சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பது இப்படித்தான் நடக்கிறது. வேகவைத்த கிழங்கு, பாஸ்தா, பருப்பு, கறி எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆற வைத்துக் கட்டுவதாக இருந்தால் வேகமாக ஆற வேண்டும். பானைக்குள்ளேயே விட்ட சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலமான தாம்பாளத்தில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள். ஆவி அடங்கி, உள்ளங்கைக்குச் சூடு தெரியாத நிலை வந்ததும் டப்பாவில் போட்டு உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குழம்பு, கூட்டு போன்றவற்றைப் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிக் கிளறினால் சீக்கிரம் ஆறும்.

ஆறாமல் மூடினால் என்ன நடக்கிறது என்று டப்பா மூடியின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். ஆவி குளிர்ந்து துளித்துளியாக நின்று, திரும்பச் சோற்றின் மேலேயே சொட்டும். அந்த மேல்பகுதிதான் முதலில் நசநசத்துப் புளிக்க ஆரம்பிக்கும். ஆக, கொதிக்கக் கொதிக்க பிளாஸ்க்கில் அடையுங்கள், இல்லையென்றால் முழுக்க ஆறவிட்டு அடையுங்கள். நடுத்தரமான சூட்டில் மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சூடாகவே கொண்டுபோக

இதற்கு வெற்றிட பிளாஸ்க் தேவை, அதுவும் அகலவாய் உள்ளது. இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் ஹாட்பேக் போதாது. அது சாப்பாட்டைச் சூடாக வைத்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் சில மணி நேரத்தில் 40, 45 டிகிரிக்கு வந்து, கிருமிகளுக்குப் பிடித்தமான அதே வெதுவெதுப்பில் வெகுநேரம் நிற்கும்.

எந்த பிளாஸ்க்காக இருந்தாலும் பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். கொதிநீரை நிரப்பி, 10 நிமிஷம் கழித்துக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீர் ஊற்றி மூடுங்கள். உங்கள் பயண நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் கழித்துத் திறந்து, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை விடுங்கள். 65 டிகிரிக்கு மேல் காட்டினால் தேறியது. 60-ஐ ஒட்டி நின்றால் அந்த பிளாஸ்க்கை அவ்வளவு தூரத்துக்கு நம்பாதீர்கள். தண்ணீர் அளவுக்குச் சாப்பாடு சூட்டைத் தாங்காது. தெர்மாமீட்டர் சரியா என்பதை ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.

அடைக்கிற அன்றும் பிளாஸ்க்கைக் கொதிநீரால் 10 நிமிஷம் சூடேற்றியே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் குளிர்ந்த எஃகு முதல் சில நிமிஷத்திலேயே சூட்டை உறிஞ்சிவிடும். உணவு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போதே அள்ளி, மூடிக்குக் கீழே 2 சென்டிமீட்டர் வரை நிரப்புங்கள். பாதி பிளாஸ்க் சாப்பாடு, பாதி காற்று என்றால் சீக்கிரம் ஆறிவிடும். குறைவாகக் கொண்டுபோகிறவர்கள் சின்ன பிளாஸ்க் வாங்கிக்கொள்வது நல்லது. சூப், குழைந்த பருப்பு, கஞ்சி போல இடைவெளி இல்லாமல் நிரம்புபவை சூட்டை நன்றாகத் தாங்கும். உதிரியான சோறும் பெரிய காய்த்துண்டுகளும் அவ்வளவு தாங்காது. வழியில் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

குளிரில் கொண்டுபோக

குளிர்காப்புப் பை குளிரை உண்டாக்காது, இருக்கிற குளிரைக் காக்க மட்டுமே அதனால் முடியும். வெதுவெதுப்பான டப்பாவை உள்ளே வைத்து ஒரு ஐஸ் பேக்கைச் சேர்த்தால், ஐஸ் முழுவதும் டப்பாவைக் குளிரவைப்பதிலேயே கரைந்துபோகும். ஆகவே சாப்பாட்டை முந்தின நாளே சமைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, கிளம்பும்போது பைக்கு மாற்றுங்கள். ஐஸுக்குத் தனிச் செலவு வேண்டாம். தண்ணீர் பாட்டில்களில் பத்தில் ஒரு பங்கு காலியாக விட்டு, ஒரு நாள் முன்னதாகவே ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது தண்ணீர் விரிவதால் முழுக்க நிரப்பினால் பாட்டில் வெடிக்கும். உருகியதும் குடிக்கத் தண்ணீரும் ஆயிற்று.

குறைந்தது இரண்டு பாட்டில்கள், கீழே ஒன்று, மேலே ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால் மேலே வையுங்கள், குளிர்காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும். பைக்குள் மிஞ்சும் இடைவெளிகளில் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பையை விட்டுப் போகாதீர்கள். சாப்பிடும்போது பாட்டிலில் ஐஸ் கட்டி மிச்சம் இருந்து, டப்பாவும் தொட்டால் ஜில்லென்று இருந்தால் தைரியமாகச் சாப்பிடலாம். ஐஸ் எப்போது உருகி முடிந்தது என்று தெரியவில்லை என்றால் அந்தச் சாப்பாடு வேண்டாம்.

சாண்ட்விச்சை முழுசாக உறையவைத்தே எடுத்துப்போகலாம். ரொட்டியில் வெண்ணெய் தடவி, வேகவைத்த கோழி, சீஸ் போன்றவற்றை வைத்துச் சுற்றி ஃப்ரீசரில் போடுங்கள். 3, 4 மணி நேரத்தில் மெல்ல இளகி, பக்கத்தில் இருப்பதையும் குளிரவைக்கும். தக்காளி, வெள்ளரி, கீரை இலைகள் உறைந்தால் தண்ணீர் விட்டுக் குழைந்துபோகும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும். இவற்றை உறையவைக்க வேண்டாம்.

அவித்த முட்டை ஓட்டோடு இருந்தால் நாள் முழுக்கத் தாங்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. அவிக்கும்போது ஓட்டின் மேலிருக்கும் இயற்கையான காப்புப் பூச்சு போய்விடுகிறது, அதன் பிறகு நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போகலாம். ஐஸ் இல்லாமல் 2 மணி நேரம்தான். நறுக்கிய பழங்களும் அப்படித்தான், அதிலும் புளிப்பே இல்லாத தர்பூசணி, முலாம்பழம் இரண்டும் மோசம். பழத்தை முழுசாக எடுத்துப்போய் அங்கேயே நறுக்குங்கள். கூட ஒரு கத்தி, கழுவத் தண்ணீர், அவ்வளவுதான்.

ஈரமில்லாதவை

எங்களைக் கேட்டால் நீண்ட பயணத்துக்கு இதுவே முதல் தேர்வு. வறுத்த கடலை, முந்திரி, பாதாம், உலர்ந்த பழம், பிஸ்கட், ரஸ்க், பொரி, கடினமான சீஸ் இவற்றில் கிருமி வளரப் போதுமான தண்ணீர் இல்லை. தட்டையாகச் சுட்ட ரொட்டியைக் கல்லில் இரண்டு பக்கமும் ஈரம் போகச் சுட்டு, அடுக்காமல் ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பி ஆறவிட்டு, பிறகு காகிதத்தில் சுற்றினால் ஒரு நாள் தாங்கும். சுடச்சுட அடுக்கினால் நடுவில் இருப்பவை வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உள்ளே உருளைக்கிழங்கு மசியலை வைத்தால் அது காய்ந்த ரொட்டி இல்லை, ஈரச் சாப்பாடு. மறுபடி 2 மணி கணக்குதான்.

கொதிநீர் கிடைக்கும் பயணமென்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது: உலர்ந்த கலவையாகக் கொண்டுபோய், சாப்பிடும் இடத்தில் ஈரமாக்குவது. ஒரு ஆளுக்கு 60 கிராம் ஓட்ஸ் அல்லது அவல், ஒரு மேசைக்கரண்டி வறுத்த வேர்க்கடலை, அதே அளவு உலர்திராட்சை, ஒரு சிட்டிகை உப்பு. தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டால், கொதிநீர் ஊற்றி 5 நிமிஷம் மூடிவைத்துச் சாப்பிடலாம். தண்ணீர் பட்டதும் நேரக் கணக்கு தொடங்கிவிடும், மிச்சம் வைக்காதீர்கள்.

இரண்டு நாள் பயணத்துக்கு எங்கள் வரிசை இது: முதல் வேளைக்கு ஐஸில் வைத்தது அல்லது பிளாஸ்க், இரண்டாவது வேளைக்கு உறையவைத்த சாண்ட்விச், மூன்றாவதிலிருந்து உலர்ந்தவையும் முழுப் பழமும் சின்ன டின்களும். டின் வாங்கும்போது ஒரு ஆள் ஒரு வேளையில் முடிக்கும் அளவாகப் பாருங்கள், திறந்துவிட்டால் அதுவும் ஈரச் சாப்பாடுதான். உப்பிய டின்னைத் திறக்கவே கூடாது.

புளிப்பை எவ்வளவு நம்பலாம்

புளிப்பை பிஎச் என்ற எண்ணால் அளக்கிறார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6-க்குக் கீழே போனால் ஆபத்தான கிருமிகளில் பல வளராது. ஆனால் நாக்குக்குப் புளிப்பதும் 4.6-ஐத் தொடுவதும் ஒன்றல்ல. 200 கிராம் அரிசியை வடித்த சோற்றுக்கு 45 மில்லி, அதாவது 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அளவில் தொடங்கி, எல்லாப் பருக்கையிலும் படும்படி கிளற வேண்டும். பிறகு இரண்டு ஸ்பூன் சோற்றை அதே அளவு காய்ச்சி வடித்த நீரோடு மசித்து பிஎச் தாளால் பாருங்கள். 4.2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது. மஞ்சள்தூள் சேர்ப்பதற்கு முன்னாலேயே சோதித்துவிடுங்கள், அதன் நிறம் தாளில் ஏறிக் குழப்பும். தாள் இல்லை என்றால் புளிப்புச் சோற்றையும் சாதாரணச் சோறாகவே நினைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். தயிர் தனியாக நன்றாகத் தாங்கும். சோற்றோடு பிசைந்தால் புளிப்பு நீர்த்துவிடும்.

எண்ணெய் தாராளமாக விட்டால் கெடாது என்பதும் தவறு. எண்ணெய்க்கு அடியில் காற்று புகாது, நரம்புகளை முடக்கும் போட்யூலிசம் நோயை உண்டாக்கும் கிருமிக்கு அதுதான் வேண்டும். பச்சைப்பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைத்திருப்பது உண்மையிலேயே ஆபத்து.

கையும் டப்பாவும்

நம் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சும் சூட்டுக்கு அழியாது. சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆறிய சாப்பாட்டைக் கையால் தொடாமல் கரண்டியால் அள்ளுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருப்பவர் கட்டாமல் இருப்பது நல்லது.

டப்பா மூடியின் ரப்பர் வளையத்தை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதற்கடியில் கறுத்த வழவழப்பு படிந்திருக்கும். தனியே தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, காற்றில் காயவிடுங்கள். ஈரக் கைத்துணியால் துடைத்தால் கழுவியது வீண். வேளைக்கு ஒரு டப்பா, ஆளுக்கு ஒரு டப்பா என்று பிரித்துக் கட்டுங்கள். எச்சில் ஸ்பூன் பட்ட சாப்பாட்டை அடுத்த வேளைக்கு மூடிவைக்க முடியாது.

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் யாராவது கூட வந்தால் 4 மணி எல்லையை மறந்துவிட்டு 2 மணியோடு நிறுத்துங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது.

சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் பேசில்லஸ் செரியஸ் அல்லது ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சுதான் காரணம். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து வாய்வாயாகக் கொடுங்கள். குடித்தது எதுவும் தங்கவில்லை, மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஊரிலேயே இறங்கி மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குச் சமைத்தது என்று சொன்னால் அவருக்கு உதவும்.